மரித்தோருக்காக நாங்கள் ஜெபிப்பதில்லை

1991 செப்டம்பர் 8, ஞாயிறு

கோயில் கூரைக்குப் புதுத் தகரச் சீற் போட்டு முடிந்துவிட்டது. போன வருசச் சண்டையின் செல்லடியில் பிய்ந்துபோன இடமெல்லாம் அடைபட்டு, இன்று காலை பெய்த மழையில் ஒரு துளியும் உள்ளே விழவில்லை. சீற் இராணுவ முகாமிலிருந்து வந்தது, கொமாண்டர் தந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். நனையாமல் இருந்து பாட எனக்கும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மன்றாட்டு ஜெபத்தை வழக்கம்போல நான் நடத்தினேன். நோயாளிகளின் பெயர்கள், வெளிநாடு போன பிள்ளைகளின் பெயர்கள், கடைசியில் குணரத்தினம். ஒவ்வொரு பெயரையும் சொல்லி நான் நிறுத்த, சபை "கர்த்தாவே, எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும்" என்று சொல்லும். மே மாதம் மூதூர் லோஞ்ச் படகு வந்து நிற்கும் இறங்குதுறையில் வைத்து முகாம்காரர் குணரத்தினத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் அவன் பெயர் விடுபட்டதில்லை. லோஞ்ச் எஞ்சின் திருத்துகிறவன். கையில் கிறீசோடு வந்து பாடகர் வரிசையில் நிற்பான், துடைத்துவிட்டு வாடா என்று நான் ஏசுவேன். அவன் பெண்சாதி இராசமலர் இப்போது மூன்றாம் வரிசை வாங்கில் தனியே இருக்கிறாள்.

ஆராதனை முடிய சபைச் செயலாளர் தங்கரத்தினம் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை, சிங்களம் நன்றாக ஓடும். அதனால் முகாமுக்கும் கோயிலுக்கும் நடுவே அவர்தான் வாய்.

"பாக்கியம் அக்கா, மாதக் கடைசி ஞாயிறு கூரைக்கு நன்றி ஆராதனை. கொமாண்டரும் வாறார். அண்டைக்கு அந்தக் கடைசிப் பேர் வேண்டாம். இனி வாற ஞாயிறுகளுக்கும் வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். விசாரணைக்காகப் புல்மோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போன இடத்தில் சண்டை நடந்ததாம், அதில் அகப்பட்டுச் செத்துப்போனானாம். முகாம் சொல்கிறது. உடல் எங்கே என்றேன். சண்டை நடந்த இடத்தில் உடலை யார் தேடுவது என்றார். அதையும் முகாம்தான் சொன்னதா, இவர் தன்பாட்டில் சேர்த்ததா தெரியவில்லை.

விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குடையை மறந்து வேப்பமரத்திலேயே கொழுவிவிட்டு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 9

கோபம் இன்னும் ஆறவில்லை. சம்பலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு முழுவதையும் கொட்டினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

போதகர் இன்று வீட்டுக்கே வந்தார், என் குடையையும் கொண்டு. சாமுவேல் இரத்தினசிங்கம் ஐயா இந்தச் சபைக்கு வந்து மூன்று வருசம். மனைவி பிள்ளைகளை மட்டக்களப்பில் விட்டுவிட்டுத் தனியே குசினியில் பாண் வாட்டித் தின்கிற மனிதர். அதனால் முதலில் தேத்தண்ணி கொடுத்தேன். பிறகுதான் சண்டை.

அவர் வேதசாஸ்திரத்தோடு வந்திருந்தார். "அக்கா, கத்தோலிக்கர் மரித்தோருக்காக ஜெபிப்பினம். நாங்கள் ஜெபிக்கிறதில்லை. அது எங்கட விசுவாசம். செத்தவரின்ர பேரை நோயாளியளோட சேர்த்து வாசிக்கிறது சபை ஒழுங்குக்குச் சரியில்லை."

எனக்குக் கோபம் எப்படி வந்தது தெரியுமா! அந்தப் பையனை அடித்துக்கொண்டுபோனவனிடம் ஒழுங்கு கேட்கத் துணிவில்லை, என் ஜெபத்தில் ஒழுங்கு பார்க்க வந்துவிட்டார். ஐயா, அவன் செத்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். முகாம் சொல்கிறது என்றார். முகாம் சொன்னால் அது வேதமா என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

நான் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியாரின் கந்தோரில் இருபது வருசத்துக்கு மேலாகச் சத்தியக் கடதாசி தட்டச்சுப் பண்ணுகிறவள். ஒருவன் தான் அறிந்ததை ஒரு மாதிரியும், தான் நம்புவதை இன்னொரு மாதிரியும் எழுதவேண்டும். இரண்டையும் கலந்தால் எங்கள் பிரக்கிராசியார் கடதாசியைக் கிழித்து எறிவார். கோயிலுக்கு அந்த அளவு நாணயம்கூட வேண்டாமா?

பிறகு அவர் உண்மையைச் சொன்னார். அதைக் கேட்க எனக்கு இன்னும் கோபம் வந்தது, ஏனென்றால் அதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கோயில் மண்டபத்தில் அகதிகளாய் இருக்கிற குடும்பங்களை முகாம் விரும்பினால் நாளைக்கே எழுப்பலாம். அங்கே குழந்தைகள், வயோதிபர்கள், ஒரு பிள்ளைத்தாய்ச்சி. கொமாண்டர் வாய்விட்டுச் சொல்லவில்லையாம். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூரை நல்லாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம்.

"ஒரு பேருக்காக அவ்வளவு பேரையும் றோட்டில விடச் சொல்லுறீங்களோ?"

இல்லை, ஒருத்தனுடைய பெண்சாதியை விதவையாக்க எனக்கு அதிகாரமில்லை என்று சொன்னேன். பெயரை எடுத்தால் அதுதான் அர்த்தம். நாங்கள் மரித்தோருக்காக ஜெபிப்பதில்லை என்று ஊருக்கே தெரியும். இவ்வளவு நாள் சொன்ன பெயரை இந்த ஞாயிறு சொல்லாவிட்டால் சபை அவனைப் புதைத்துவிட்டது என்றுதான் இராசமலருக்குக் கேட்கும்.

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "பக்கத்து வீட்டு ஸுல்பிகாவின்ர தம்பியையும்தான் காணேல்லை. நீங்கள் ஏன் அவரின்ர பேரைச் சொல்லேல்லை? அவரைப் பிடிச்சது முகாம் இல்லை எண்டதாலேயோ?"

நல்லாய்க் குத்திவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 13

இரவு முழுக்க அந்த மனிதரை மனதுக்குள் ஏசினேன். காலையில் பார்த்தால் ஏச ஒன்றுமில்லை. கேட்டது சரி.

ஸுல்பிகாவின் தம்பி ஸைனுலாப்தீன் கருவாட்டு வியாபாரி. ஜூலையில் இலங்கைத்துறைக்குக் கருவாடு எடுக்கப் போனவரை, முகாமோடு சண்டை பிடிக்கிற இயக்கம் பிடித்து வைத்துக்கொண்டது. முகாமுக்குத் தகவல் சொல்கிறார் என்று குற்றமாம். எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் சொன்ன ஒரே தகவல், சூடைக்கருவாடு இந்தமுறை நல்லாய் இல்லை என்பதுதான். அவரைப்பற்றி நான் பெருமூச்சு விட்டேன், ஸுல்பிகாவுக்குச் சோறு கொடுத்தேன். கோயிலில் பெயரைச் சொல்லவில்லை. முகாமுக்குப் பயப்படாத பெரிய வீராங்கனை நான். இயக்கப் பொடியன்களுக்குப் பயம்.

மதிலுக்கு மேலால் ஸுல்பிகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் துஆ கேட்கிறார்கள், உங்கள் கோயிலில் எதற்கு, இன்னும் பிரச்சினையாகாதா என்றாள். ஆகலாம் என்றேன். கொஞ்சநேரம் ஒரு சாரத்தையே உதறி உதறிப் போட்டுக்கொண்டு நின்றாள். தம்பியுடைய சாரம்.

"சொல்லுங்க பாக்கியம் அக்கா. ஆனா மௌத்தாப் போனவரைச் சொல்லுற மாதிரிச் சொல்லிப்போடாதீங்க."

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டு பெயரையும் சொன்னேன். ஸைனுலாப்தீன் என்றதும் சபை ஒரு நொடி திகைத்தது. பெயர் புதிது, நம்மவர் பெயரும் இல்லை. நான் நிறுத்திவிட்டு நின்றேன். பதில் வந்தது. மெல்லிசாக, ஆளுக்காள் முந்திப் பிந்தி வந்தது.

போதகர் என்னைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இராசமலர் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு வந்திருந்தாள். அவள் பாலையூற்றில் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். குணரத்தினத்தைக் கலியாணம் முடிக்க ஞானஸ்நானம் எடுத்தபோது பொட்டை விட்டாள், எங்கள் சபையில் பொட்டு வைப்பதில்லை. இன்று காசு அளவில் வைத்துக்கொண்டு வந்து மூன்றாம் வாங்கில் நிமிர்ந்து இருந்தாள். ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. வெறும் நெற்றியைப் பார்த்தால் விதவை என்று யாரும் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

செப்டம்பர் 16

மீன் சந்தையில் முகம் தெரியாத ஒருத்தன் பக்கத்தில் வந்து விளைமீனைப் புரட்டிக்கொண்டே, "அக்கா, கோயில்ல பேர் சொல்லுறதைக் குறைச்சாச் சுகம்" என்றான். எந்தப் பெயரை என்று கேட்டேன். போய்விட்டான்.

இரண்டு பக்கத்துக்கும் என் ஜெபம் பிடிக்கவில்லை. கடவுளுக்காவது பிடிக்கிறதா?

செப்டம்பர் 18, புதன்

சபைக் கமிட்டி.

முதலில் பேசியது எதைப்பற்றி? காணாமல்போன மனிதனைப்பற்றியா? இல்லை, பொட்டைப்பற்றி! கோயிலுக்குள் குங்குமத்தோடு வரலாமா, பிள்ளைகள் பார்த்துப் பழகாதா, அவளைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லவேண்டும். ஒரு அம்மா கண்ணீரே விட்டா. மே மாதத்திலிருந்து அந்தப் பிள்ளைக்காக ஒரு சொட்டு விடாத கண்ணீர்.

நான் கதிரையைத் தள்ளி எழும்பினேன். "நீங்கள் அவளை விதவை எண்டு முடிவு பண்ணிப்போட்டியள். அவள் இல்லை எண்டு நெத்தியில எழுதிக்கொண்டு வாறாள். உங்களுக்குப் பொட்டுத் தெரியுது, அவளின்ர புருசன் தெரியேல்லை" என்று கத்தினேன். ஓம், கத்தினேன்தான். கோயில் மண்டபத்துக் குழந்தைகள் எட்டிப் பார்த்தன.

தங்கரத்தினம் சமாதானமாகக் கதைத்தார். ஊரோடு ஒத்து ஓடவேண்டிய காலமாம், அக்காவுக்குக் களைப்பாம், ஓய்வு வேண்டுமாம். நன்றி ஆராதனை வரைக்கும் மன்றாட்டைப் போதகரே நடத்துவார் என்று தீர்மானம். கை உயர்த்தச் சொன்னார்கள். உயர்ந்தன. போதகர் கையை உயர்த்தவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. மேசையில் கிடந்த பாட்டுப் புத்தகத்தின் கிழிந்த மூலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இயேசுவைச் சாகக் கொடுத்த பிலாத்துவுக்காவது கை கழுவத் தண்ணீர் கேட்கிற அளவு கூச்சம் இருந்தது.

செப்டம்பர் 20

கந்தோருக்குப் பாலையூற்று அருளம்பலம் வந்தார். மாமரக் காணி ஒன்றின் வழக்குக்காக முந்தியும் வருகிறவர். ஆடியில் பிடிபட்டு முகாமுக்குள் போய்ப் போனகிழமைதான் வெளியே வந்திருக்கிறார். இடது கை மடங்கவில்லை. கடதாசி முடிந்ததும் போகாமல் நின்று, நீங்கள் குணரத்தினத்தின் கோயில் ஆள்தானே என்று கேட்டார்.

குணரத்தினம் பக்கத்துக் கொட்டிலில் இருந்தானாம். முகத்தைக் கண்டதில்லை, குரல்தான். பின்னேரங்களில் பாட்டு முணுமுணுப்பானாம், வேதப்பாட்டு. அடித்தால் சத்தம் வருமாம். "பிறகொரு நாள் நல்லா அடிச்சாங்கள். அதுக்குப் பிறகு சத்தம் இல்லைப் பிள்ளை. பாட்டும் இல்லை."

தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருந்தேன். என்ன தட்டினேன் தெரியாது. முழுக் கடதாசியும் பிழை.

புல்மோட்டைக் கதை பொய். அதுமட்டும் நிச்சயம். ஆனால் அவன்... செத்துத்தான் போனானா? அப்படியென்றால் நான் ஞாயிறு ஞாயிறாய்க் கடவுளின் முகத்துக்கு நேரே பொய் சொல்லிக்கொண்டிருந்தேனா? முகாமோடு எனக்கிருக்கிற கோபத்துக்குக் கடவுளைக் கொடிக்கம்பம் ஆக்கினேனா? போதகர் கோழைத்தனத்தால் சொன்னது உண்மையாகவும், நான் வீறாப்பில் சொன்னது பொய்யாகவும் இருந்துவிட்டால்?

இதை இராசமலருக்குச் சொல்லவேண்டுமா? சொல்லாமல் விட்டால் எனக்கும் முகாமுக்கும் என்ன வித்தியாசம்? அவர்களும் தெரிந்ததை மறைக்கிறார்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மணிச்சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன்.

செப்டம்பர் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

இராசமலர் உரலடியில் மா இடித்துக்கொண்டிருந்தாள். அருளம்பலம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாட்டு முணுமுணுத்தான் என்ற இடத்தில் உலக்கை நின்றது. மிச்சத்தையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை.

"அவர் கண்டவரோ, அன்ரி?"

காணவில்லை, சத்தம் நின்றுபோனதாம், அவ்வளவுதான் என்றேன்.

"சத்தம் கேக்காட்டிச் செத்தது எண்டு அர்த்தமோ? கடவுளின்ர சத்தத்தையும்தான் ஒருத்தரும் கேக்கேல்லை. அவருக்கும் செத்த சேட்டிபிக்கற் எழுதுவீங்களோ?"

இப்படி ஒரு பேச்சை வேறு யார் பேசியிருந்தாலும் வாயை மூடு என்றிருப்பேன். நான்தான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவளே கொஞ்சம் தணிந்து, பாட்டு எது என்று அவர் சொன்னாரா என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அதற்கு என்மேலேயே எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வரும் வழியில், உள்துறைமுக வீதியில் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது ஒன்று பிடிபட்டது. அவன் செத்தான் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறான் என்றும் தெரியாது. தெரிந்தவர்கள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்கிறார்கள். ஜெபம் சத்தியக் கடதாசி இல்லை. நான் அங்கே சாட்சி சொல்லவில்லை, கேட்கிறேன். எங்கே அவன் என்று கேட்கிறேன். கேட்பதில் என்ன பொய்?

ஆனால் கேட்கிற வேலையைத்தான் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்களே.

செப்டம்பர் 29, ஞாயிறு

நன்றி ஆராதனை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் இப்போதே ஆளுக்கொரு மாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

கொமாண்டர் முன்வாங்கில், தொப்பி மடியில். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தங்கரத்தினம். ஆயுதக்காரர் இருவர் வாசலில், சப்பாத்தோடு. கோயில் நிறைந்த சனம். மண்டபத்து அகதிகளையும் கூப்பிட்டு இருத்தியிருந்தார்கள், நன்றி பெரிதாகத் தெரியவேண்டும் அல்லவா. நான் பெண்கள் பக்கம் கடைசி வாங்கில். இராசமலர் மூன்றாம் வாங்கில், பொட்டோடு.

கூரைக்கு நன்றி சொன்னோம். கூரை தந்தவர்களுக்கு நன்றி சொன்னோம். எனக்குப் பல் கடித்துக் கடித்துத் தாடை நொந்தது. பிறகு மன்றாட்டு. போதகர் நோயாளிகளின் பெயர்களைச் சொன்னார், சபை பதில் சொன்னது. வெளிநாடு போனவர்களைச் சொன்னார், பதில் சொன்னது. அடுத்தது குணரத்தினத்தின் இடம்.

அவர் நிறுத்தினார். அடுத்த வரிக்குப் போயிருக்கலாம், நாட்டின் தலைவர்களுக்காக ஜெபிக்கிற வரி அது. போகவில்லை. வாய் திறந்தபடி நின்றார். புதுச் சீற் வெயிலுக்கு டக் டக்கென்று வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது சபை சொன்னது: "கர்த்தாவே, எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும்."

இது வீரம் இல்லை. பழக்கம். மே மாதத்திலிருந்து அந்த இடத்தில் ஒரு பெயர் வரும், ஒரு நிறுத்தம் வரும், அவர்கள் பதில் சொல்வார்கள். நிறுத்தம் வந்தது, வாய் தானாய்ச் சொல்லிவிட்டது. நான்தான் தொடக்கினேன் என்று தங்கரத்தினம் சொல்லித் திரிகிறாராம். பொய். தொடங்கியது ஆண்கள் பக்கத்துப் பின்வாங்கில் அரைத்தூக்கத்தில் இருந்த கிழவர்கள். சொல்லி முடிந்த பிறகுதான் எதற்குப் பதில் சொன்னோம் என்று சனத்துக்கு விளங்கியது. ஒருத்தரும் ஒருத்தரையும் பார்க்கவில்லை. பொட்டுக்காகக் கண்ணீர் விட்ட அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தா.

போதகர் இன்னும் பேசவில்லை. இரண்டாவது பெயரான ஸைனுலாப்தீனின் இடத்தையும் அப்படியே வெறுமையாய் விட்டு நின்றார். இந்தமுறை சபைக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னது. முதலில் சொன்னதைவிடச் சத்தமாய். நானும் சொன்னேன், தொண்டை கிழிய.

கொமாண்டர் தங்கரத்தினத்தின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். கொமாண்டர் தலையாட்டினார், ஆனால் திரும்பி எங்களை வாங்கு வாங்காகப் பார்த்தார். மூன்றாம் வாங்கில் பார்வை நின்றது. இராசமலர் குனியவில்லை.

அக்டோபர் 1

போதகர் சைக்கிளில் வந்து படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நான் துணிஞ்சு செய்யேல்லை, அக்கா. அந்த இடத்தில தொண்டை அடைச்சுப்போச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். அப்படியானால் உங்களுக்குப் புகழ்ச்சி கிடையாது, மண்டபத்துச் சனத்துக்கு ஒன்று நடந்தால் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று சொன்னேன். கொடூரமாய்த்தான் சொன்னேன். கமிட்டியில் உயராத அந்தக் கை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். பின்சில்லுக்குக் காற்றுப் போதாமல் நசிந்துகொண்டு போனது.

அக்டோபர் 4, வெள்ளி

தங்கரத்தினம் பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். இந்த வீட்டுப் படி ஏறாத மனிதர். சேட் முழுக்க வேர்வை. கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

அவரும் போதகரும் காலையில் முகாமுக்குப் போனார்கள். கொமாண்டர் தேத்தண்ணி கொடுத்தார். குணரத்தினம் இறந்துவிட்டார் என்று சபை ஏற்றுக்கொள்வதாகவும், அவருக்கு அடக்க ஆராதனை நடத்துவதாகவும் போதகர் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அதோடு பெண்சாதிக்குச் சான்றிதழ், மண்டபத்துக்கு இன்னும் சீற், எல்லாம் சுமுகம்.

போதகர் பேனாவை எடுத்துப் பிறகு வைத்துவிட்டாராம். சொன்னதைத் தங்கரத்தினம் எனக்கு இரண்டு தரம் சொன்னார், மறந்துபோகக் கூடாதென்று பயந்தவர்போல.

"எங்கட சபையில மரித்தோருக்காக ஜெபிக்கிறதில்லை. குணரத்தினத்துக்காக எங்கட சனம் ஜெபிக்குது, நீங்களே கேட்டனீங்கள். ஜெபிக்கப்படுற மனிசனைச் செத்தவன் எண்டு நான் எப்பிடி எழுதுறது? அவரை எங்க வைச்சிருக்கிறீங்கள் எண்டு சொல்லுங்கோ."

என்னைக் குத்த அன்று கொண்டுவந்த அதே வசனம். அதை எடுத்துக்கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறார் பாருங்கள், அந்த மனிதர்!

தங்கரத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "கடைசிக் கேள்வியை நான் சிங்களத்தில மாத்திச் சொன்னனான், அக்கா. அவரின்ர நன்மைக்குத்தான். ஐயாவுக்கு விளங்கிப்போச்சு. தானே அரைகுறைச் சிங்களத்தில திருப்பிக் கேட்டார்."

தங்கரத்தினத்தை வெளியே அனுப்பினார்கள். போதகர் பின்னால் வருவார் என்றார்கள். அவர் கேற்றடியில் நிழல் சாயும் வரைக்கும் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

அக்டோபர் 5

வரவில்லை. போதகர் நேற்றே கேற்றால் வெளியே போய்விட்டாராம், முகாம் சொல்கிறது. சைக்கிள் உள்ளே வேலியோரம் சாத்தியபடி நிற்கிறது, தங்கரத்தினம் கண்ணால் கண்டிருக்கிறார்.

அக்டோபர் 11

மண்டபத்துச் சனத்தை இன்னும் எழுப்பவில்லை. கொழும்பிலிருந்து சபைப் பெரியவர்கள் கடிதம் எழுதுகிறார்களாம். நாங்கள் தினமும் முறைவைத்து முகாம் கேற்றடிக்குப் போய் நிற்கிறோம். நேற்று என் முறை. ஸுல்பிகாவும் கூட வந்தாள். வராதே என்றேன், தம்பிக்காக எந்தக் கேற்றில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, இங்கேயாவது நிற்கிறேன் என்றாள்.

அக்டோபர் 18, வெள்ளி

தங்கரத்தினம் சந்தியில் மறித்தார். ஞாயிறு மன்றாட்டை நானே நடத்தவேண்டும் என்றார்.

கமிட்டியைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கோ என்றேன். விடுவேனா.

"கேட்டாச்சு. எல்லாரும் ஓம்."

எந்தெந்தப் பெயர் என்று கேட்டேன். வீதியில் முகாம் ஜீப் ஒன்று வந்தது. முந்தியென்றால் அது கடக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்கிற மனிதர். ஜீப் கடந்துகொண்டிருக்கும்போதே சொன்னார், எல்லாப் பெயரும் என்று.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை. கூரை ஒழுகவில்லை.

நோயாளிகளைச் சொன்னேன். வெளிநாடு போனவர்களைச் சொன்னேன். குணரத்தினம் என்றேன், சபை பதில் சொன்னது. பொட்டோடு வந்த இராசமலருக்குப் பக்கத்து வாங்கு அம்மா நகர்ந்து இடம் கொடுத்திருந்தா. ஸைனுலாப்தீன் என்றேன், திகைப்பில்லாமல் பதில் வந்தது. பிறகு மூன்றாவது பெயர். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. தொண்டை அடைப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. நான் சொல்லுமுன்னமே சபை பதில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. சாமுவேல் இரத்தினசிங்கம், எங்கள் போதகர் என்று உரக்கச் சொன்னேன். சபை இன்னொரு தரம் பதில் சொன்னது.

வீட்டுக்கு வந்து அவர் தந்துவிட்டுப் போன குடையை விரித்துக் காயப்போட்டேன். அன்று கமிட்டியில் கையை ஏன் அப்படி மேசையிலேயே வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அவரிடம் இன்னும் நான் கேட்கவில்லை. வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன், தேத்தண்ணி பிறகுதான். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். செத்தவர்மேல் யாராவது இப்படிக் கோபப்படுவார்களா?